கொல்கத்தாவுக்குச் சீனர்கள் எப்படி வந்தார்கள், எங்கே போனார்கள்?

மணிப்பூர்க்காரரையோ நாகாலாந்துக்காரரையோ பார்த்து "சீனாக்காரர்" என்று சொல்லிவிடும் பழக்கம் நம்மூரில் இன்னும் இருக்கிறது. அது தவறு, அநாகரிகம் என்பதெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். உண்மையிலேயே சீன வம்சாவளியில் வந்த இந்தியர்கள் என்று ஒரு சமூகம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கொல்கத்தாவில் அவர்கள் குடியேறத் தொடங்கி இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஐந்தாறு தலைமுறையாக இந்தியாவிலேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் அங்கே உண்டு. வீட்டில் ஹக்காவோ கான்டனீஸோ பேசுவார்கள், இரண்டும் தென்சீன மொழிகள். கடையில் இந்தியும் வங்காளியும். பிள்ளைகள் படிப்பது ஆங்கிலப் பள்ளியில்.

இவர்களைப் பற்றி எதுவுமே கேள்விப்படாதவருக்காக எழுதுவதால் முதலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடலாம். இந்தச் சமூகத்தைப் பற்றி இணையத்தில் தேடினால் பத்தில் எட்டு பக்கங்கள் சாப்பாட்டைப் பற்றித்தான் இருக்கும். நூடுல்ஸுக்குப் போவதற்கு முன்னால் தொழில், ஊர்ச் சங்கம், 1962இன் இந்திய-சீனப் போர் ஆகிய மூன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவை தெரியாமல் இவர்கள் ஏன் வந்தார்கள், ஏன் இவ்வளவு குறைந்துபோனார்கள் என்பது பிடிபடாது.

முதலில் வந்தவர்

கொல்கத்தாவுக்குத் தெற்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில், பஜ்பஜ் என்ற ஊரைத் தாண்டி அச்சிபூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. டோங் அச்சூ என்ற சீன வணிகரால் வந்த பெயர் அது. 1778 வாக்கில் அவர் வங்காளம் வந்தார். அப்போது கவர்னர் ஜெனரலாக இருந்தவர் வாரன் ஹேஸ்டிங்ஸ். அவரிடமிருந்து அச்சூவுக்கு ஆற்றங்கரையில் சுமார் 650 பிகா (வங்காளத்து நில அளவு) நிலம் கிடைத்தது, ஆண்டுக் குத்தகை 45 ரூபாய். அதில் கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை வைத்தார். வேலைக்கு ஆட்களைச் சீனாவிலிருந்து கூட்டிவந்தார்.

சூரியன் உதித்ததிலிருந்து மறையும்வரை குதிரையில் எவ்வளவு தூரம் சுற்றி வருகிறாயோ அவ்வளவு நிலம் உனக்கு என்று ஹேஸ்டிங்ஸ் சொன்னதாக ஒரு கதை உண்டு. கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் காகிதங்களில் வரும் அச்சூ அவ்வளவு சொகுசாக இல்லை. தன் ஆட்களை, கப்பலிலிருந்து ஓடிவந்து கல்கத்தாவில் தங்கிவிட்ட சீனர்கள் ஆசை காட்டி இழுத்துப் போகிறார்கள் என்று 1781இல் அவர் கம்பெனி அரசிடம் புகார் கொடுக்கிறார். அந்தப் புகாரிலிருந்து ஒரு விஷயம் நமக்குத் தெரிய வருகிறது. அச்சூவின் ஆலைக்கு வெளியிலும் நகரத்தில் அப்போதே சீனர்கள் இருந்திருக்கிறார்கள். கல்கத்தாவுக்கும் தென்சீனத் துறைமுகமான கான்டனுக்கும் இடையே அபினியும் பருத்தியும் தேயிலையும் ஏற்றிக் கப்பல்கள் போய்வந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் கப்பல்களில் வந்த தச்சர்களும் மாலுமிகளும் இங்கேயே இறங்கிக்கொண்டார்கள்.

அச்சூ 1783இல் இறந்துபோனார். சர்க்கரைத் தொழிலும் அதிக காலம் நிலைக்கவில்லை. ஆட்கள் நகரத்துக்கு நகர்ந்தார்கள். ஆற்றங்கரையில் குதிரை லாட வடிவில், சிவப்பு பூசிய அவருடைய கல்லறை இன்னும் இருக்கிறது. சற்றுத் தள்ளி நிலத்தைக் காக்கும் தெய்வத் தம்பதிக்கு ஒரு சிறு கோயில். சீனப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் கொல்கத்தாச் சீனர்கள் குடும்பம் குடும்பமாக இங்கே வந்து ஊதுபத்தி ஏற்றி, படையல் வைத்துவிட்டுப் போவார்கள். வருகிற எல்லாருமே அச்சூவின் வாரிசுகள் அல்லர். முதலில் வந்த பெரியவர் என்ற மரியாதைதான்.

டிரெட்டா பஜார்

நகரத்துக்கு வந்தவர்கள் கூடியது லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் டிரெட்டா பஜார் பகுதியில். பெயருக்குச் சீனத்தோடு சம்பந்தமே இல்லை. எட்வர்ட் டிரெட்டா ஓர் இத்தாலியர், காதல் லீலைகளுக்குப் பேர்போன காசநோவாவுக்குப் பழைய சிநேகிதர். ஊரை விட்டு வந்து கல்கத்தாவில் சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் கண்காணிப்பாளராக உட்கார்ந்தவர். சொந்தமாக ஒரு சந்தை கட்டினார், பிறகு கடனில் மூழ்கினார். சந்தை லாட்டரிப் பரிசாகப் போனது. 1791இல் அதை வென்றவர் சார்லஸ் வெஸ்டன். சந்தை கைமாறினாலும் டிரெட்டாவின் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தச் சீனர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சாட்சி கிடைத்தது. இரண்டாம் அபினிப் போரில் கான்டனின் ஆளுநர் யே மிங்சென்னை ஆங்கிலேயர்கள் 1858இல் பிடித்து, கைதியாகக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். அவரோடு மொழிபெயர்ப்பாளராக வந்தவர் சலோனர் அலபாஸ்டர். யே அடுத்த ஆண்டே கல்கத்தாவில் காலமானார். அலபாஸ்டரோ, நேரம் இருந்ததாலோ ஆர்வத்தாலோ, நகரத்துச் சீனர்களைப் பார்த்து எழுதி வைத்தார். தச்சர்கள், செருப்புத் தைப்பவர்கள், பன்றிக் கொழுப்பு உருக்குபவர்கள் என்று தொழில்வாரியாக அவர் குறித்திருக்கிறார். சீனப் பெண்கள் அநேகமாக இல்லை. ஆண்கள் உள்ளூரில், குறிப்பாகப் போர்ச்சுக்கீசிய வம்சாவளிப் பெண்களை மணந்திருந்தார்கள். சீனாவிலிருந்து பெண்கள் கணிசமாக வரத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். அதன் பிறகுதான் இது முழுமையான குடும்பச் சமூகமாக மாறியது.

எந்த ஊரோ அந்தத் தொழில்

"சீனர்கள்" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்குள்ளே அப்படி இல்லை. எந்த மாவட்டத்திலிருந்து வந்தவர் என்பதே முதல் அடையாளம். பேசும் மொழியும் அதற்குத் தக்கபடி மாறும். ஒரு கான்டனீஸ்காரருக்கு ஹக்கா புரியாது.

கான்டனீஸ் பேசியவர்கள் தச்சர்கள். கிதிர்ப்பூர் துறைமுகத்தில் கப்பல் உள்வேலை, வீடுகளுக்கு மரவேலை, அலமாரி, நாற்காலி என்று இவர்கள் கைவேலைக்கு நல்ல பேர். குவாங்டாங் மாகாணத்து மெய்ஷியன் பகுதியிலிருந்து வந்த ஹக்காக்கள் தோலிலும் செருப்பிலும் இறங்கினார்கள். பென்டிங்க் தெருவில் வரிசையாக அவர்களுடைய செருப்புக் கடைகள் இருந்தன. ஹூபே மாகாணத்தவர் பல் வைத்தியர்கள். காகிதப் பூ செய்து விற்றவர்களும் அவர்கள்தான். ஷான்டோங்கிலிருந்து வந்தவர்கள் பட்டுத்துணியை மூட்டையாகக் கட்டி வீடு வீடாகப் போய் விற்றார்கள்.

இது எப்படி இவ்வளவு கச்சிதமாகப் பிரிந்தது? பிறவித் திறமை ஒன்றும் இல்லை. ஒருவர் முதலில் வந்து ஒரு தொழிலைப் பிடிப்பார். பிறகு தம்பியை, மச்சானை, பக்கத்து வீட்டுப் பையனை வரவழைப்பார். வந்தவன் அவரிடமே தொழில் கற்பான், அவர் கொடுத்த கடனில் கடை போடுவான், அடுத்த ஆளை வரவழைப்பான். இரண்டு தலைமுறையில் ஊருக்கு ஒரு தொழில் என்று ஆகிவிடும்.

இதற்கு முதுகெலும்பாக இருந்தது ஊர்ச் சங்கம். நமக்கு இது புதிதல்ல. நகரத்தார் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனபோது கிட்டங்கியில் கூடித் தங்கி, அங்கேயே கணக்கு எழுதி, பக்கத்தில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பியதை நினைத்துக்கொள்ளுங்கள். சீனர்களின் ஊர்ச் சங்கமும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்தது. புதிதாக வந்தவனுக்குப் படுக்க இடம், வேலைக்குச் சிபாரிசு, சண்டை வந்தால் பஞ்சாயத்து, செத்துப்போனால் புதைக்க ஆறடி நிலம்.

"சர்ச்" என்று எழுதியிருக்கும், உள்ளே குவான் யின்

டிரெட்டா பஜாரில் முதன்முதலாக நடப்பவர் குழம்பிப்போகும் இடம் இது. பெயர்ப்பலகையில் 'சீ இப் சர்ச்', 'தூங் ஆன் சர்ச்', 'நாம் சூன் சர்ச்' என்று இருக்கும். உள்ளே சிலுவை இருக்காது. சிவப்புத் தூண்கள், பொன்முலாம் பூசிய மரச் செதுக்கல், சாமிக்கு முன்னால் ஊதுபத்திக் கிண்ணம் எல்லாம் இருக்கும். ஆங்கிலேயர் காலத்தில் வழிபாட்டு இடம் என்பதற்குப் பதிவேட்டில் ஏறிய சொல் அப்படியே நிலைத்துவிட்டது, அவ்வளவுதான்.

இந்தக் கோயில்கள்தான் ஊர்ச் சங்கங்களின் வீடு. பெயர்களே மாவட்டங்களின் பெயர்கள். நாம் சூன் என்பது நான்ஹாய், ஷுண்டே என்ற இரண்டு மாவட்டங்களைச் சேர்த்தது. சீ இப் என்பது தென்சீனாவின் முத்துநதி முகத்துவாரத்துக்கு மேற்கே உள்ள நான்கு மாவட்டத்தவரின் சங்கம். 1905இல் கட்டப்பட்ட அதன் கோயிலில் கருணைத் தெய்வமான குவான் யின் இருக்கிறாள். தூங் ஆனில் போர்வீரத் தெய்வமான குவான் யூ. சிஹுய் ஊர்க்காரர்கள் 1908இல் கட்டிய கோயிலில் இருப்பவர்கள் அந்த ஊருக்கே உரிய இரண்டு புத்தர்கள். தங்கள் ஊரின் குலசாமியைக் கடல் தாண்டிக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பொதுவாக மாடியில் சாமி. கீழே கூடம், அதில் சங்கத்துப் பெரியவர்கள் மாஜாங் என்ற சீனக் கட்டை விளையாட்டு ஆடுவார்கள். தூங் ஆன் கோயிலின் கீழ்த்தளத்தில் 1920களில் 'நான்கிங்' என்ற உணவகம் வந்தது. கல்கத்தாவின் பணக்காரர்களும் சினிமாக்காரர்களும் மொய்த்த இடம். அது மூடி வெகு காலம் ஆகிவிட்டது. என் கணக்கில் நகரத்தின் மிக முக்கியமான பாரம்பரியக் கட்டடங்களில் இந்தக் கோயில்கள் வரும். ஆனால் சுற்றிக் குப்பைமேடும் லாரி நிறுத்தமும்தான்.

டாங்ராவும் தோலும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹக்காக்களில் ஒரு பகுதியினர் நகரத்தின் கிழக்கு ஓரத்துக்கு, டாங்ராவுக்குப் போனார்கள். அப்போது அது சதுப்பு நிலம். பக்கத்தில் ஆட்டுமாடு அறுக்கும் கூடம், கழிவுநீர்க் கால்வாய், தாப்பா குப்பைமேடு. வேறு யாரும் விரும்பாத இடம். தோல் பதனிட அதைவிடத் தோதான இடம் கிடையாது. பச்சைத் தோல் பக்கத்திலேயே கிடைக்கும், தண்ணீர் இருக்கிறது, நாற்றம் என்று யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

இங்கே சாதியைப் பற்றிப் பேசாமல் தாண்டிப் போக முடியாது. தோலைத் தொடுவது தீட்டு என்று சாதி இந்துக்கள் ஒதுங்கிய தொழில் இது. அந்தத் தீட்டுக் கணக்கு சீனர்களுக்குக் கிடையாது. முதல் போட்டுத் தொழில் நடத்த அவர்கள் தயாராக இருந்தார்கள். ஆனால் தொழிற்சாலைக்குள் போனால் படிநிலை அப்படியேதான் இருந்தது. முதலாளி ஹக்கா. தொட்டியில் இறங்கி நின்று வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பீகாரிலிருந்து வந்த தலித்துகளும் முஸ்லிம்களும். டாங்ராச் சீனர்கள் பலர் வங்காளியைவிட இந்தியைச் சரளமாகப் பேசியதற்கு இதுவே காரணம். சாதியால் ஒதுக்கப்பட்ட தொழிலில் ஒரு வெளிச் சமூகம் பணம் சம்பாதித்தது, அந்தத் தொழிலில் எப்போதும் இருந்தவர்கள் கூலியாகவே இருந்தார்கள். பாரம்பரியம், உழைப்பு என்று மட்டும் எழுதும் கட்டுரைகளில் இந்தப் பகுதி விட்டுப்போகிறது.

இரண்டு உலகப் போர்களும் டாங்ராவை வளர்த்தன. ராணுவத்துக்கு பூட்ஸ் வேண்டும், பெல்ட் வேண்டும், குதிரைச் சேணம் வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியப் படையெடுப்பிலிருந்து தப்பி வந்தவர்களும் சேர்ந்தார்கள். உயர்ந்த மதில், பெரிய இரும்புக் கதவு, கீழே பட்டறை, மேலே குடும்பம் என்று டாங்ராவுக்கே உரிய கட்டட அமைப்பு உருவானது. 'பெய் மெய்' என்ற சீனப் பள்ளியும் வந்தது. காளி கோயில் ஒன்றும் வந்தது. மரத்தடியில் இருந்த கல்லைக் கும்பிடத் தொடங்கி, பிறகு சீனக் குடும்பங்களே பணம் போட்டுக் கட்டிய கோயில் அது. அங்கே பிரசாதமாக நூடுல்ஸ் படைப்பார்கள். சுற்றுலாக் கட்டுரைகளுக்கு மிகவும் பிடித்த செய்தி இது. அந்தக் குடும்பங்களுக்கு அதில் விசேஷம் எதுவும் இல்லை, நாம் சமைப்பதைத்தானே சாமிக்கு வைப்போம்.

1962

இனி சொல்லப்போவது கொஞ்சம் கனமானது.

முதலில் பின்னணி. 1949இல் சீனாவில் கம்யூனிஸ்ட்டுகள் ஆட்சிக்கு வந்தார்கள், பழைய அரசு தைவானுக்குப் போனது. கல்கத்தாச் சீனர்களுக்குள் பெய்ஜிங் பக்கம், தைபே பக்கம் என்று பிளவு. பள்ளிகள்கூடப் பிரிந்தன. பலரிடம் இருந்தது பழைய அரசின் பாஸ்போர்ட். அந்த அரசை இந்தியா இப்போது அங்கீகரிக்கவில்லை. ஆக, இந்தியாவில் பிறந்தவர்களிலேயே பலர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆனார்கள். குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. தேவைப்படும் என்று யார் நினைத்தார்கள்?

1962 அக்டோபர் 20 அன்று எல்லையில் போர் மூண்டது. 26ஆம் தேதி நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அடுத்து வந்த அவசரச் சட்டங்கள் 'அயலார்' என்பதன் எல்லையை விரித்தன. இந்தியாவோடு போரிடும் நாட்டின் குடிமகனாகத் தாத்தாவோ பாட்டியோ ஒருகாலத்தில் இருந்திருந்தால் போதும், பேரனையும் அயலாராக நடத்தலாம். இந்தியக் குடியுரிமை வைத்திருந்தவரையும் இது காப்பாற்றவில்லை.

நவம்பர் மூன்றாம் வாரத்திலிருந்து அஸ்ஸாம், மேகாலயப் பகுதி, டார்ஜிலிங், கலிம்போங் என்று எல்லையோர ஊர்களில் கைதுகள் தொடங்கின. அஸ்ஸாமில் மாகும் என்ற சிற்றூரில் இருந்த சீனத் தெரு ஏறக்குறைய மொத்தமாகக் காலியானது. அங்கிருந்தவர்கள் தேயிலைத் தோட்ட வேலைக்காக ஆங்கிலேயர் கொண்டுவந்தவர்களின் வழிவந்தவர்கள். பல வீடுகளில் தாய் அஸ்ஸாமியர், அல்லது தோட்டத்துப் பழங்குடிப் பெண். போலீஸ் வந்து, ஒன்றிரண்டு நாளைக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்று சொன்னதாகத் தப்பியவர்கள் சொல்கிறார்கள். கைக்குழந்தையிலிருந்து படுத்த படுக்கையான கிழவர்வரை யாரும் விலக்கல்ல. முதலில் உள்ளூர்ச் சிறை. பிறகு ரயில், ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். போய்ச் சேர்ந்த இடம் ராஜஸ்தானில் தேவ்லி. ஆங்கிலேயர் காலத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் உள்ளிட்ட அரசியல் கைதிகளை அடைத்து வைத்த முகாம் அது. இப்போது அங்கே சுமார் மூவாயிரம் சீனர்கள். அஸ்ஸாமின் குளிரும் மழையும் பழகியவர்களுக்குப் பாலைவனத்து வெயில்.

யார்மீதும் வழக்கு நடக்கவில்லை. விசாரணை இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. சீனா போர்நிறுத்தம் அறிவித்தது நவம்பர் 21 அன்று. அதாவது பலரை ரயிலில் ஏற்றி அனுப்பியபோது சண்டை நின்றுவிட்டது. முகாம் மட்டும் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. கடைசியாகச் சிலர் வெளியே வந்தது 1967 வாக்கில். திரும்பிப் போனவர்களின் வீடும் கடையும் ஏலத்தில் போயிருந்தன.

தமிழ் வாசகர் அதிகம் கேள்விப்படாத ஒரு துண்டு இதில் இருக்கிறது. 1963இல் சீன அரசு தன் கப்பல்களை அனுப்பியது. முகாமில் இருந்தவர்களில் சீனாவுக்குப் போகச் சம்மதித்தவர்களும் வேறு வழி தெரியாதவர்களுமாக இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏறிப் போனார்கள். அந்தக் கப்பல்கள் புறப்பட்டது மதராஸ் துறைமுகத்திலிருந்து. போனவர்களில் பலர் சீனாவைப் பார்த்ததே இல்லை. அங்கே அவர்களைத் தெற்கு மாகாணங்களின் அரசுப் பண்ணைகளில் குடியமர்த்தினார்கள். பிறகு கலாச்சாரப் புரட்சி வந்தபோது, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்ற சந்தேகம் அங்கேயும் அவர்கள்மேல் விழுந்தது.

கொல்கத்தாவில் மொத்தமாக யாரையும் அள்ளிக்கொண்டு போகவில்லை. சந்தேகப்பட்டவர்களைக் கைது செய்தார்கள். மற்றவர்களுக்கு வேறு விதமான நெருக்கடி. போலீஸ் நிலையத்தில் அவ்வப்போது போய் ஆஜராக வேண்டும், அனுமதி இல்லாமல் ஊரைத் தாண்டக் கூடாது. துறைமுகத்தில் வேலை பார்த்த தச்சர்கள் வேலை இழந்தார்கள். டாங்ராவில் இருப்பவர் மருத்துவமனைக்கோ திருமணத்துக்கோ வெளியூர் போக வேண்டுமென்றாலும் காகிதம் வேண்டும். இந்தக் கெடுபிடி படிப்படியாகத் தளர்ந்ததே தவிர, போர் முடிந்ததும் முடிந்துவிடவில்லை. பயம் அதைவிட நீண்ட காலம் இருந்தது. 2010க்குப் பிறகுதான் முகாமில் இருந்தவர்கள் பொதுவெளியில் பேசத் தொடங்கினார்கள். அரசு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. அது நடக்கவில்லை.

ஒருகாலத்தில் இருபதாயிரத்துக்கும் மேல் இருந்ததாகச் சொல்லப்படும் கொல்கத்தாச் சீனர்கள் இப்போது இரண்டு மூவாயிரம்தான் என்பார்கள். சாதாரணப் பொருளாதார இடப்பெயர்வு என்று இதைச் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீடு வாங்குவதா வேண்டாமா, பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்று முடிவெடுக்கும் ஒவ்வொரு முறையும் "நாளைக்கே கதவைத் தட்டினால்?" என்ற கேள்வி இருக்குமானால், வாய்ப்புக் கிடைத்ததும் கிளம்பத்தான் செய்வார்கள். கிளம்பினார்கள். கனடா, ஆஸ்திரேலியா, ஹாங்காங், அமெரிக்கா. முக்கியமாக டொரான்டோ.

தோலிலிருந்து சிக்கனுக்கு

இருந்தவர்களுக்கு அடுத்த அடி நீதிமன்றத்திலிருந்து வந்தது. இது வேறு வகை. கங்கையில் கலக்கும் தோல் கழிவைப் பற்றிய வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், டாங்ராவிலும் அதைச் சுற்றியும் இருந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தோல் பட்டறைகள் ஊருக்கு வெளியே பன்தாலாவுக்குப் போக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பில் நியாயம் இருந்தது. குரோமியம் கலந்த தண்ணீர் கால்வாயில் போய்க்கொண்டிருந்ததை யாரும் மறுக்க முடியாது. ஆனால் புதிய இடத்தில் நிலம் வாங்கி, இயந்திரம் போட்டுத் தொடங்க எல்லாரிடமும் பணம் இல்லை. சிலர் போனார்கள், சிலர் தொழிலை விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் பட்டறையைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, மேசை போட்டு உணவகம் ஆக்கினார்கள்.

ஆக, டாங்ரா என்றால் சீன உணவு என்ற புகழுக்கு அவ்வளவு ஒன்றும் வயதாகவில்லை. வீட்டை ஒட்டிச் சில கடைகள் முன்பே இருந்தன. தெருவெல்லாம் உணவகம் ஆனது தோல் போன பிறகு.

இந்தச் சமையலையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். சோயா சாஸ், சோள மாவு, வினிகர் ஆகியவற்றோடு இந்தியப் பச்சை மிளகாயும் பூண்டும் இஞ்சியும் சேர்ந்ததுதான் இந்தோ-சைனீஸ். 'ஹக்கா நூடுல்ஸ்' என்று நாம் சாப்பிடுவது ஹக்கா வீட்டுச் சமையல் அல்ல. மஞ்சூரியனுக்கும் மஞ்சூரியாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங், 1975இல் மும்பையின் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவில் சமையல்காரராக இருந்தபோது, வழக்கமான இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயை வதக்கி, கரம் மசாலாவுக்குப் பதிலாக சோயா சாஸும் சோள மாவும் சேர்த்துச் செய்ததாக அவரே சொன்ன கதை பிரபலம். அங்கிருந்து கிளம்பியதுதான் இன்று தேனியிலும் திருவண்ணாமலையிலும் தள்ளுவண்டியில் சிவப்பாகக் கிடக்கும் கோபி மஞ்சூரியன். டிரெட்டா பஜாரில் 1958இல் தொடங்கிய பௌ சோங் நிறுவனத்தின் பச்சை மிளகாய் சாஸ் இல்லாமல் கொல்கத்தாக்காரர் ரோல் சாப்பிட மாட்டார்.

டொரான்டோவில் இதற்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அங்கே 'ஹக்கா உணவு' என்று பலகை மாட்டிய கடைக்குள் போனால் கிடைப்பது சில்லி சிக்கனும் மஞ்சூரியனும். கொல்கத்தாவிலிருந்து போன ஹக்காக்கள் வைத்த கடைகள். சாப்பிட வருபவர்களில் பாதிப்பேர் இந்தியர்கள், பாகிஸ்தானியர்கள், வங்கதேசத்தவர்கள். சீனாவிலிருந்து நேராக டொரான்டோ வந்த ஒருவருக்கு அந்த உணவு என்னவென்றே தெரியாது.

நம் பக்கத்தில்

தமிழ்நாட்டிலும் சீனக் குடியேற்றம் சிறிய அளவில் நடந்திருக்கிறது. ஹூபே பல் வைத்தியர்களில் சில குடும்பங்கள் சென்னையில் தங்கித் தலைமுறை தலைமுறையாக அதே தொழிலைச் செய்தன. சீனப் பெண்கள் நடத்திய அழகு நிலையங்களைச் சென்னையின் பழைய ஆட்கள் நினைவு வைத்திருப்பார்கள்.

அதைவிட விசித்திரமான கதை நீலகிரியில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலாக்கா நீரிணைப் பகுதியின் ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து சீனக் கைதிகளை மதராஸ் மாகாணச் சிறைகளுக்கு அனுப்பினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நீலகிரியில் மலேரியாவுக்கான கொய்னா மருந்து எடுக்கும் சின்கோனா மரத் தோட்டங்களில் வேலை செய்தார்கள். தண்டனை முடிந்தும் சிலர் ஊர் திரும்பவில்லை. நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் காப்பியும் பயிரிட்டு வாழ்ந்த அவர்களை ஆங்கிலேய மானிடவியல் ஆய்வாளர் எட்கர் தர்ஸ்டன் சந்தித்துப் பதிவு செய்திருக்கிறார். கொல்கத்தாவோடு இவர்களுக்குத் தொடர்பு இல்லை. சங்கம் இல்லை, கோயில் இல்லை, அடுத்த ஆளை வரவழைக்க வழியும் இல்லை. ஓரிரு தலைமுறையில் சுற்றியிருந்த மக்களோடு கலந்துவிட்டார்கள்.

நேரில் பார்க்க நினைத்தால்

டிரெட்டா பஜாரில் காலை உணவுச் சந்தை விடியற்காலையில் கூடும். பன்றி இறைச்சி பன், மீன் உருண்டை சூப், மோமோ எல்லாம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை போவது நல்லது. எட்டு மணிக்கு மேல் போனால் பாத்திரம் கழுவுவதைத்தான் பார்க்கலாம். விற்பவர்களில் சீனர் அல்லாதவர்களும் இப்போது நிறைய. அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், சீனக் குடும்பங்கள் குறைந்துபோனதால் வந்த மாற்றம்தான். சாப்பிட்ட கையோடு பக்கத்துச் சந்துகளில் உள்ள கோயில்களுக்குப் போய்விடுங்கள். எல்லாம் நடக்கும் தூரம். வாசலில் யாராவது பெரியவர் இருந்தால் கேட்டுவிட்டு உள்ளே போகலாம்.

டாங்ராவுக்கு மாலையில் போவது சரி. உணவகத்துக்குள் நுழையும்போது மதிலின் உயரத்தையும் கதவின் அகலத்தையும் கவனியுங்கள், பழைய பட்டறையா என்பது தெரிந்துவிடும். அச்சிபூருக்குத் தனியாக ஒரு பகல் ஒதுக்க வேண்டும். சியால்தாவிலிருந்து பஜ்பஜ் வரை உள்ளூர் ரயில், அங்கிருந்து ஆட்டோ. சீனப் புத்தாண்டு ஜனவரி பிற்பகுதிக்கும் பிப்ரவரி மூன்றாம் வாரத்துக்கும் இடையே வரும். அதற்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனால் கூட்டத்தைப் பார்க்கலாம். டொரான்டோவிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகளையும் அந்தக் கூட்டத்தில் காணலாம், தாத்தாவிடம் இந்தியில் பேசிக்கொண்டு.